செண்பகம் ஓட மறுத்த திசை

கூட்டம் என்றாலே செண்பகத்துக்கு எரிச்சல். பேரூராட்சியில் பதினோரு வருடமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். எத்தனையோ கூட்டங்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கப்பைப் பொறுக்கியிருக்கிறாள். ஒன்றிலாவது யாராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? அதனால் பேரிடர் முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டு, ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்றைக் கையில் கொடுத்து, "காலனிக்கு நீதாம்மா தன்னார்வலர்" என்றபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த சிறு நகரம் அது. அவள் குடியிருக்கும் காலனிக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில், ஒரு ரசாயனக் கம்பெனி. அங்கே வாயு கசிந்தால் நூற்றிருபது வீட்டுச் சனங்களும் கம்பெனிக்கு மேற்கே இருக்கிற சமுதாயக் கூடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. நிர்வாக அதிகாரி துளசிராமன் அதை வாசித்து முடித்ததும் செண்பகம் எழுந்து நின்றாள்.

"சார், காலீல ஆனா சரி. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கெழக்காலேர்ந்து அடிக்கும். கேஸு நேரா அந்தக் கூடத்துக்குத்தான் போவும். நாங்க முன்னாடியே போய் வாயத் தொறந்துக்கினு நிக்கணுமா?"

அறையே சிரித்தது. "நிபுணர்கள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கம்மா, உக்காரு" என்றார் துளசிராமன். நிபுணர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போயும் விட்டார்கள். கார் கண்ணாடியைக்கூட இறக்காதவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன!

செண்பகத்துக்கோ அது படித்துத் தெரிந்த சங்கதி இல்லை. கம்பெனி நிற்கிற அதே மண்ணில்தான், கல்யாணமான புதிதில், கூலிக்கு நெல் அறுத்தாள். சித்திரை அறுப்பில் பிற்பகல் மூன்று மணிக்குக் கடல்காற்று இறங்கிய பிறகுதான் களத்தில் தூற்றவே ஆரம்பிப்பார்கள். கிழக்கே முதுகைக் காட்டி முறத்தைச் சரித்தால் நெல் காலடியில் விழும், பதர் மேற்கே பறக்கும். தெரியாமல் மேற்கே போய் நின்றவளுக்குக் கண்ணெல்லாம் தூசி.

இவ்வளவு தெரிந்தவள்தான் மூன்று வருடத்துக்கு முன் தப்பு செய்தாள். ஒரு வைகாசி மாதம், நாலு மணிக்கு அமோனியா கசிந்தது. எல்லோரும் தார்ச்சாலை போன வழியே மேற்கே ஓடினார்கள். செண்பகமும் ஓடினாள், பக்கத்து வீட்டு ஹெலனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. இன்றைக்கும் ஹெலனால் மூச்சு வாங்காமல் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. கம்பெனி மேல் இருந்த கோபத்தைவிடச் செண்பகத்துக்குத் தன் மேல் இருந்த கோபம் பெரிது. இன்னொரு தடவை அந்தப் பக்கம் யாரையும் இழுத்துப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

திட்டத்தை நடத்திப் பார்க்கும் ஒத்திகையைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்தார்கள். மேலதிகாரிகள் வந்து சேர மாலை நாலாகிவிட்டது. சமுதாயக் கூடத்து வாசலில் அவர்களுக்குப் பந்தல், மின்விசிறி, மோர். வாயுவுக்குப் பதிலாகக் கம்பெனி வாசலில் கலர் புகையைக் கொளுத்திவிட்டு, சைரனை ஊதினார்கள்.

செண்பகம் காலனி முனையில் நின்று கையைத் தூக்கினாள். மத்தியானம் தாண்டிச் சைரன் ஊதினால் கிழக்கேதான் என்று முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். சனம் மொத்தமும் கிழக்கே, மாதா கோயில் மைதானத்துக்கு நடந்தது. புகை மேற்கே போனது. பந்தலுக்குள் புகுந்து, மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்களை ஆரஞ்சு வண்ணத்தில் மூடியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியதைப் பார்த்து மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

துளசிராமன் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். "இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? மறுபடி சைரன் ஊதச் சொல்றேன். எல்லாரையும் ஒழுங்கா கூடத்துக்கு இட்டுனு வா, வீடியோ எடுக்கணும். இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

செண்பகத்தின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் மேலங்கியைக் கழற்றி மடித்து அவரிடம் நீட்டினாள்.

"கண்ணு எப்டி செவந்துக்கீது பாருங்க சார். அது கலரு பொகைதான். நெசமா கேஸா இருந்தா, இன்னேரம் நீங்க எங்கிட்ட வந்து கத்திக்கினு இருக்க மாட்டீங்க. வேலைய எடுத்துக்கோங்க. எங்க ஜனத்த அந்தப் பக்கம் இட்டுனு போவ மாட்டேன்."

அவர் மேலங்கியை வாங்கிக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். "யார் கூட்டிட்டுப் போறீங்க?"

யாரும் கை நீட்டவில்லை. ஹெலன் மூச்சு வாங்க முன்னால் வந்து, செண்பகத்தின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு மைதானம் முழுக்க உட்கார்ந்தது.

சைரன் இரண்டாவது தடவை ஊதியது. கூடத்து வாசலில் கேமராக்காரர் இருபது நிமிடம் காத்திருந்தார். நூற்றிருபது வீட்டில் ஒருவர்கூட மேற்கே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.