பேசிக்கொண்டே ஓடச் சொன்னார்கள்

ஓசூரில் கியர் செய்யும் ஆலையொன்றில் வேலை பார்க்கும் கருப்பசாமி, ஓடினால் நெஞ்சு வெடிக்க ஓட வேண்டும் என்று நம்பியவர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரைக்குப் பயந்து ஓடத் தொடங்கி, பெங்களூரில் நடக்கும் பத்துக் கிலோமீட்டர் பந்தயங்கள் மீது பைத்தியமானார். ஷிப்ட் முடிந்ததும் பாகலூர் சாலையில் தினமும் உயிரைக் கொடுத்து ஓடுவார். வாந்தி வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஆனால் வேகம் கூடவில்லை, குறைந்தது. கால் கனத்தது, தூக்கம் போனது. போன தை மாதப் பந்தயத்தில் பாதி வழியிலேயே கண் இருட்டி விழுந்தார்.

பயந்துபோய் விளையாட்டு மருத்துவர் சரிதாவிடம் போனார். சரிதா அவர் நெஞ்சில் இதயத்துடிப்பை அளக்கும் பட்டை கட்டி ஓடவிட்டார். துடிப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது கருப்பசாமிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

“தினமும் பரீட்சையே எழுதறீங்க, படிக்கறதே இல்லைங்க. மூச்சு வாங்காம பேசற அளவுக்கு மெதுவா ஓடுங்க. அப்பத்தான் தசைக்குள்ள புது ரத்தக்குழாய் கிளைக்கும். வேகமெல்லாம் வாரத்துல ஒரு நாள் போதும்.”

பேச ஆள் வேண்டுமே என்று மனைவி ராசாத்தியை அழைத்துப் போனார். ராசாத்திக்குத் துணி ஆலையில் வேலை. தினமும் நடந்தே போய் வருபவர். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் இருவரும் உட்கார்ந்து பேசியே வருடங்கள் ஆகியிருந்தன. நாலு வார்த்தைக்குள் கருப்பசாமிக்கு மூச்சு முட்டியது. ராசாத்தியோ பால்காரர் கதை, மகளின் கல்லூரிக் கதை என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே ஓடினார். எப்படி முடிகிறது என்று கேட்டார் கருப்பசாமி.

“பள்ளிக்கூடத்துல படிக்கையில மாவட்டப் போட்டியில நாந்தான் மொதல்ல வந்தேன். மாநிலத்துக்குக் கூப்பிட்டாக. கல்யாணம் பேசியாச்சுன்னு அப்பா விடல.”

கருப்பசாமி சாலையிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் இதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“எப்பச் சொல்ல? நான் வீட்டுக்கு வரயில நீங்க போயிருப்பீக.”

அதன்பின் ஷிப்ட் ஒத்துவந்த நாளெல்லாம் பேசிக்கொண்டே மெதுவாகச் சேர்ந்து ஓடினார்கள். அடுத்த பந்தயத்துக்கு இருவர் பெயரையும் கொடுத்தார் கருப்பசாமி. ஓடத் தொடங்கியதும் கூட்டத்தில் ராசாத்தியைத் தவறவிட்டார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கருப்பசாமி கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை நம்ப முடியவில்லை. அவ்வளவு வேகமாக அவர் என்றுமே ஓடியதில்லை. அதைச் சொல்லத் திரும்பி, பின்னால் வருபவர்களிடையே மனைவியைத் தேடினார்.

ராசாத்தி அவருக்கு முன்பே ஓடி முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்து மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை கருப்பசாமி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பேச்செடுத்துத் திரும்பினால், ராசாத்தி தூங்கிப்போயிருந்தார்.