பனிமலையில் ஒரு போடிங்

தம்பி தொலைபேசியில் முகத்தை மட்டும்தான் காட்டுவான். முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். "அறையைக் காட்டடா" என்று அம்மா கேட்டால், "சார்ஜ் முடியுது அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவான். சுவிஸில் ஒரு மலைக்கிராமத்து ஹோட்டலில் சட்டி பானை கழுவுகிறான். அவனுக்குக் கிடைத்திருக்கும் விசாவில் ஊருக்கு வர முடியாது. அம்மாவின் முழங்காலோ கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்கே அழும்.

"ஒருக்கா நேர போய்ப் பாத்திட்டு வா, பிள்ளை. நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுறான். எப்பிடி இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியோணும்" என்றார் அம்மா.

எனக்கும் அந்தச் சுவரைப் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஸ்கந்தபுரத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். மார்கழி விடுமுறையில்தான் போகலாம். கோடை காலத்தில் அந்த ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள், தம்பி எங்கே வேலை செய்வான் என்று அவனுக்கே தெரியாது. உலகத்துப் பணக்காரர் எல்லாம் பனியில் சறுக்குவதற்கென்று அந்த மலைக்கு வருவதும் அதே மார்கழியில்தான். தம்பியோடு தங்கலாம் என்றால், வேலையாட்களின் விடுதிக்குள் வெளியாட்களை விடமாட்டார்களாம். விசாவுக்குப் போகும்போது எங்கே தங்கப் போகிறேன் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

இணையத்தில் தேடத் தொடங்கினேன். அறைகள் எல்லாம் இரண்டு பேருக்கு. தனி ஆள் என்று போட்டாலும் இரண்டு பேரின் வாடகைதான். தனியாக ஒரு பொம்பிளை எங்கேயாவது போனால் இங்கே, "கூட ஆர் வருகினம்?" என்று வாயால் கேட்பார்கள். அங்கே அதையே விலையால் கேட்டார்கள். ஓர் இரவுக்கான தொகையைப் பார்த்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் தூர இடத்தில் வேலை கிடைத்த ஆசிரியர்கள் யாராவது ஒருவர் வீட்டில் அறையும் சாப்பாடும் எடுத்துத் தங்குவார்கள். அதைத்தான் போடிங் என்போம். பூநகரியில் படிப்பித்த காலத்தில் நானும் ஒரு போடிங்கில் இருந்தவள். மலையிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள், அவர்கள் போடிங் கொடுக்கமாட்டார்களா? கிராமத்தின் பெயரையும் போடிங் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினேன். உடனே ஓர் இடம் வந்தது, நம்ப முடியாத மலிவு விலையில். "நான் ஒரு பெண், தனியே வருகிறேன், ஏழு நாள் போடிங் வேண்டும்" என்று எழுதினேன். "தாராளமாக வாருங்கள்" என்று பதில் வந்தது.

கூடவே சில கேள்விகளும் வந்தன. உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு? "கட்டில் தாங்கோணுமெல்லே" என்றார் அம்மா. பாதத்தின் அளவு? வீட்டுக்குள் போடச் செருப்பும் தருவார்கள் போல என்று நான் சந்தோஷப்பட்டேன். கடைசிக் கேள்விதான் அம்மாவை அப்படியே உருக்கிவிட்டது. எந்தக் காலை முன்னால் வைப்பீர்கள்?

"பாத்தியே, வெள்ளைக்காரருக்கும் இதெல்லாம் தெரியுது. வலது காலை வைச்சுத்தான் வருவன் எண்டு எழுது, பிள்ளை."

எழுதினேன். இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிற நான், வலது காலை முன்வைத்தே வருவேன் என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த முறை தம்பி எடுத்தபோது பெருமையாக இதையெல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம்.

"அக்கா, அது பலகை! காலில கட்டிக்கொண்டு பனியில சறுக்கிற பலகை. அதைத்தான் இஞ்ச போடிங் எண்டுறது. ஏழு நாளைக்குப் பலகையை எல்லே வாடகைக்கு எடுத்திருக்கிறாய்!"

"அப்ப நான் எங்கயடா படுக்கிறது?"

"பலகையிலதான்."

அவன் சிரித்தான், அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசா நேர்முகம் அடுத்த கிழமை. கடவுச்சீட்டு, சம்பள விபரம், பாடசாலை அதிபரின் கடிதம் எல்லாம் தயார், படுக்க ஓர் இடம்தான் இல்லை. பலகையை வேண்டாமென்று சொல்லிவிட்டு மறுபடி தேடினேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு மேசைக்குக் கீழே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடமில்லை, இடமில்லை என்றே பதில்கள் வந்தன. அவன் ஏன் அறையைக் காட்டுவதில்லை என்ற கேள்வி வேறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. சுகமில்லையோ, குடிக்கிறானோ, யாராவது அடித்து வைத்திருக்கிறார்களோ என்று நினையாத கெட்டது ஒன்றும் பாக்கியில்லை.

கடைசியில் மலைக்குக் கீழே, பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், ஒரு வீட்டுக்காரி பதில் போட்டார். கூரைக்கு அடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது, ஓர் ஆள்தான் படுக்கலாம், முழுதாக நிமிர்ந்து நிற்க முடியாது, ஆகவே மலிவு. ஆனால் சறுக்கத் தெரியாதவளுக்கு இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தார். என் தம்பி மேலே ஹோட்டலில் சட்டி கழுவுகிறான், அவனைப் பார்க்க வருகிறேன் என்று எழுதினேன். "அப்படியானால் அறை உங்களுக்குத்தான்" என்றார். ஏழு நாள் வாடகையை முன்பே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டேன் என்றும் சொன்னார். தம்பி வேலை இடைவேளையில் இறங்கிப் போய்க் கட்டிவிட்டு வந்தான்.

"தம்பியைப் பற்றி மூச்சும் விடாதேங்கோ, ரீச்சர்" என்று கூடப் படிப்பிக்கிறவர் புத்தி சொன்னார். "நீங்களும் அங்கயே நிண்டிடுவியள் எண்டு நினைப்பினம். சறுக்கிப் பாக்க ஆசை எண்டு சொல்லுங்கோ."

கொழும்புக்குப் போகும் ரயிலில் வவுனியா தாண்டும் வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். சேலையோடு போய், இந்த வயதில், சறுக்க ஆசை என்று என்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. ஏன் போகிறேன் என்று விசா நேர்முகத்தில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன்.

பாடசாலை விடுமுறை விட்ட அன்று பதில் வந்தது. நான் திரும்பி வருவேன் என்பதில் போதிய நம்பிக்கை இல்லையாம். திரும்பி வராமல் வேறெங்கே போவேன்? அம்மாவை யாரிடம் விட்டுவிட்டு அங்கே நிற்பேன்? குசினிக்குள் அடுப்படியில் நின்று சுவருக்குக் கத்தினேன். தம்பிக்குச் சொன்னபோது "சரி அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. நாங்கள் எடுத்தாலும் பதிலில்லை. அம்மா தொலைபேசியை மடியை விட்டு இறக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவனே எடுத்தான். முகத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இல்லை, மரப்பலகை தெரிந்தது.

"அக்கா, உன்ர கட்டிலில படுத்திருக்கிறன். காசு கட்டினதுதானே, வீணாக்காமல் நீ வந்து படு எண்டு வீட்டுக்கார அம்மா அறைத் திறப்பைத் தந்தவா."

கேட்காமலே தொலைபேசியைச் சுற்றிக் காட்டினான். சரிந்த கூரை, ஒடுக்கமான கட்டில், இருக்க ஒரு கதிரை, அதற்குப் பக்கத்தில் ஜன்னல். வெளியே மலை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"வேலை முடிய பஸ்ஸில வந்து படுக்கிறன். விடிய எழும்பிச் சும்மா வெளியில பாத்துக்கொண்டு இருக்கிறன், அம்மா. வெளிச்சம் கட்டில் வரைக்கும் வருது."

அம்மா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஏன் ராசா, உன்ர அறையில ஜன்னல் இல்லையே?"

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

"அது நிலத்துக்குக் கீழ, அம்மா. ஆறு பேர். குளிராது, அது நல்லம்."

அம்மா அழவில்லை. எத்தனை வருடமாக என்றும் கேட்கவில்லை. "அந்தக் கட்டில் எப்ப வரைக்கும் உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கு விடிய திறப்பைக் குடுக்கோணும்."

அவன் வைத்தவுடன் வீட்டுக்காரிக்கு எழுதினேன். தனி ஆள் ஒருவன், சறுக்கமாட்டான், பனிக்காலம் முடியும் வரைக்கும் அந்த அறை வேண்டும், வாடகை எவ்வளவு? அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "எழுதிட்டியே?" என்றார் அம்மா.