வியாழன் தவிர மற்ற நாட்கள்

எண்ணூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்த அம்மா அவர். ஒடிசலான உடம்பு. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருப்பார். நான் பாடம் நடத்தும்போது அந்த அறையை மட்டும் வெகுநேரம் பெருக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

நான் சிறப்பாசிரியர். ஒன்பது பள்ளிகளுக்கு நான் ஒருத்திதான். அங்கே வியாழக்கிழமை மட்டுமே போக முடியும். அந்தப் பள்ளியில் பேச்சு வராத சிறுமி ஒருத்தி இருந்தாள். தாகமெடுத்தால் சுவரில் தலையை முட்டுவாள். அதற்குப் பதிலாகத் தம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டப் பழக்கினேன். ஒரு வியாழன் பழக்கியது அடுத்த வியாழனுக்குள் மறந்துபோகும்.

மருத்துவ முகாம் வேலையால் ஒரு மாதம் அந்தப் பள்ளிக்குப் போக முடியவில்லை. திரும்பிப் போன அன்று, அவள் தானே எழுந்து வந்து ஒரு அட்டையை நீட்டினாள். என்னுடையது அல்ல. பழைய காலண்டர் அட்டையில் கோணலாக வரைந்த தம்ளர்.

"இது யார் வரைஞ்சது?"

துடைப்பத்தோடு நின்ற அந்த அம்மா தயங்கினார். "நான்தாம்மா. நீ ஒரு நாளு வர. மீதி நாளு அது இன்னா பண்ணும்? நீ செய்றத பாத்துகினே இருந்தேன், அதையே தெனம் செஞ்சேன். எதுனா தப்பா செஞ்சிட்டேனா?"

"தப்பே இல்லைம்மா" என்றேன்.

அன்றைய அறிக்கையில் 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் தகுதி பெற்ற ஆசிரியரின் பெயர்தான் வர வேண்டும். என் பெயரை எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும், மேசையைத் துடைக்க அவர் பக்கத்தில் வந்தபோது அந்தத் தாளைக் கையால் மூடிக்கொண்டேன்.