ஒரே மாதிரி ஒலித்த இரண்டு டிஸ்க்குகள்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் சார் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் நடந்தது இது.

நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி போகிற பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே, அடியில் சுழலும் ரோலர்களின் சத்தத்தைக் கேட்பது என் வேலை. பேரிங் தேய்ந்தால் சத்தம் மாறும். கவனிக்காமல் விட்டால் ரோலர் சூடேறி பெல்ட்டே பற்றிக்கொள்ளும். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சே வராது.

சார் எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பானவர். அந்த மாதத்தோடு எங்கள் கான்ட்ராக்ட் முடிகிறது. அடுத்ததில் யார் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் பெயர் சொல்ல வேண்டும். காடாம்புலியூரில் இருக்கும் என் மச்சானின் தோப்பிலிருந்து ஒரு பலாப்பழத்தை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லும் பெயர்களில் என் பெயரும் இருக்க வேண்டும் என்றுதான் போனேன்.

ஹாலில் சாரின் நண்பர்கள் மூன்று பேர் இருந்தார்கள். சாருக்குப் பாட்டு டிஸ்க்குகள் என்றால் உயிர். என்னையும் உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ஒரே புல்லாங்குழல் கச்சேரியை மூன்று விதமான டிஸ்க்கில் போட்டுக் காட்டப் போவதாகச் சொன்னார். முதலாவது, ஒலியைச் சுருக்கி எம்பி3-ஆகப் பதிந்த டிஸ்க். இரண்டாவது, கடையில் வாங்கிய சாதாரண ஆடியோ சிடி. மூன்றாவது, அவர் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சூப்பர் ஆடியோ சிடி; ஒலி அதில் இன்னும் துல்லியமாக இருக்குமாம்.

முதலாவதில், குழலுக்குப் பக்கவாத்தியமாக வாசித்த கஞ்சிராவின் சின்னத் தட்டுகள் மணல் சலிப்பது போல இரைந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழுந்தது. மூன்றாவதைப் போட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மூவரில் ஒருவரான பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "தேன் சார், தேன்" என்றார். எனக்கு மட்டும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சார் என் பக்கம் திரும்பி எப்படி என்று கேட்டார். மூன்றாவது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ரோலர் சத்தத்திலேயே இவருக்குக் காது போயிருக்கும், இவரைப் போய்க் கேட்கிறீர்களே என்று பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் சிரித்தார்.

சார் சிரிக்கவில்லை. "பெல்ட் ஓரத்துல ரோலர் எப்படின்னு நான் கேட்டாலும் இப்படித்தான் மத்தவங்க சொல்றதையே சொல்லுவியா?" என்றார்.

பட்டியலில் என் பெயர் இல்லாமல் போனாலும் போகட்டும் என்று தோன்றியது. "இல்லீங்க சார். ரெண்டாவதும் மூணாவதும் எனக்கு ஒண்ணாதான் கேக்குது" என்றேன்.

காபித் தட்டோடு வந்த சாரின் மனைவி அப்படியே நின்றுவிட்டார்கள். வெளிநாட்டு டிஸ்க்கையே குறை சொல்கிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளேயர் முன்னால் மண்டியிட்டு, அதில் எரிந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த டிஸ்க்கில் இரண்டு அடுக்கு உண்டாம். ஒன்றில் சாதாரண சிடியின் ஒலி, இன்னொன்றில் அந்த உயர்ந்த ஒலி. எது வேண்டும் என்று சொல்ல பிளேயரில் ஒரு பட்டன் இருக்கிறது. அது வாங்கிய நாளிலிருந்து சிடி பக்கமே இருந்திருக்கிறது.

"மூணு வருஷமா எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு, சாதாரண சிடியத்தான் போட்டுக் காட்டியிருக்கேன்" என்றார் எல்லோரிடமும்.

"அப்போ அந்தத் தேன் எந்த டிஸ்க்குல இருந்துச்சுன்னு அவரையே கேளுங்க" என்றார்கள் அவர் மனைவி. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் காபியை ஆற்றத் தொடங்கினார்.

சார் பட்டனை மாற்றிவிட்டு மறுபடி போட்டார். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊதுவதற்கு முன் அந்த வித்வான் மூச்சு இழுப்பது பக்கத்தில் உட்கார்ந்தது போலக் கேட்டது. கஞ்சிரா அடி அடங்கிய பிறகு ஒரு சின்ன அமைதி இருந்தது. அதுவும் வெறும் பிரமையோ என்று சாருக்குச் சந்தேகம். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். ஐந்தில் நான்கைச் சரியாகச் சொன்னேன்.

மறுநாள் ஷிப்டு தொடங்கும்போது இந்தக் கதையை எல்லோர் முன்னாலும் அவரே சொன்னார். நானாக இருந்தால் மறைத்திருப்பேன். மாதக் கடைசியில் பட்டியலில் என் பெயரும் இருந்தது. "பழத்துக்காக இல்லப்பா" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் பெல்ட் ஓரம் நடக்கையில் ஒரு ரோலரின் சத்தம் லேசாக மாறினால்கூட வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நம் காதுக்குக் கேட்டதை நம்பி மண்டியிட்டுப் பார்க்கிற மனிதரும் இருக்கிறார் என்பதே என் கூச்சத்தைப் பாதியாக்கிவிட்டது.