கீரைக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம்

நாலாம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை இறங்கி வந்ததும் ஷவ்கி முதலில் இடமும் வலமும் பார்ப்பான். சட்டைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தாளை உருவிக் கூடையின் அடியில் விரிப்பான். அதன்மேல் முலூக்கியாக் கீரைக்கட்டை வைத்து அமுக்குவான். பிறகு கயிற்றை இரண்டு முறை இழுப்பான். எங்கள் சந்தில் அதற்கு 'ஏற்று' என்று பொருள். கூடை மேலே போகும்வரை வானத்தைப் பார்த்துச் சீட்டியடிப்பான். எதையோ மறைக்கிறான் என்பது சந்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

அலெக்சாந்திரியாவில் எங்கள் சந்துக் கூடைகளில் ஏறாத பொருள் இல்லை. தையல் இயந்திரம் ஏறியிருக்கிறது. படிக்கட்டில் மாமியார் நிற்கிறாள் என்று பயந்து ஒரு மாப்பிள்ளையே ஏறினான். கயிறு பாதியில் சிக்கிக்கொள்ள, இரண்டாம் மாடிக்காரர்கள்தான் ஜன்னல் வழியாக அவனுக்குச் சோறு ஊட்டினார்கள். நம்பாதவர்கள் வந்தால் கயிற்றின் தழும்பைக் காட்டுகிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தை ஏற்றியவன் ஷவ்கி ஒருவன்தான்.

அவனுடைய அக்கா நெர்மீன் வேலையை விட்டுவிட்டு, தான்தா என்ற ஊரில் தன் சமையலறையில் உட்கார்ந்தபடி, படிப்பைப் பாதியில் நிறுத்திய பெரியவர்களுக்குக் கைபேசியில் பள்ளியிறுதி வகுப்பு எடுக்கிறாள். ஆள் பிடிப்பது தம்பியின் பொறுப்பு. இந்த முறையும் வகுப்பு நிலைக்காவிட்டால் இருவரும் மாமாவின் கோழிப்பண்ணைக்குப் போக வேண்டியதுதான். ஷவ்கிக்கோ கோழி இறகைக் கண்டாலே தும்மல். போன தடவை அவன் தும்மிய அதிர்ச்சியில் ஒரு சேவல் முட்டையிட்டதாகப் பண்ணையில் இன்னும் சொல்கிறார்கள்.

இருந்த சில்லறையை முகநூல் விளம்பரத்தில் போட்டான். குவைத்திலிருந்து அத்தை ஒரு இதயம் அனுப்பினாள். வேறொருவர், பழைய டயர் வேண்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு சனத் என்ற கீரைக்காரனின் வண்டியோடு நடந்து கூவிப் பார்த்தான்: "பரீட்சை பாஸ் பண்ணாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லா ஜன்னல்களும் படபடவென்று சாத்திக்கொண்டன.

"என் பொழப்பயும் கெடுத்தியேடா!" என்று சனத் தலையில் அடித்துக்கொண்டான். "மருமக எடுத்த பொம்பளைங்ககிட்டப் போயி, ஃபெயிலானியான்னா கேப்பாங்க?"

அன்றுதான் ஷவ்கிக்கு, வகுப்பு விவரமும் தன் கைபேசி எண்ணும் அச்சிட்ட மஞ்சள் தாளோடு கீரைக்கு அடியில் புகும் யோசனை வந்தது. சனத்துக்குக் கீரை கட்டிக் கொடுப்பதுதான் அவன் விளம்பரச் செலவு. 'ஊர் வாய்' என்று பெயரெடுத்த இன்ஷிராஹின் கூடையைத் தவிர எல்லாவற்றிலும் தாள் ஏறியது. அவளிடம் கிசுகிசுத்தால் டிராம் நிறுத்தம்வரை கேட்கும்.

அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் ரகசியக் குரல்கள். எல்லோருக்கும் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: "எங்கம்மா மேல ஆணையா, இந்தச் சந்துல சேந்தது நீங்க ஒருத்தர்தான். ஈ எறும்புக்குத் தெரியாது." அவன் அம்மா திடகாத்திரமானவள். ஒன்பது சத்தியங்களையும் தாங்கினாள்.

ஒன்பதாவது குரலைக் கேட்டபோது மட்டும் ஷவ்கி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து எண்ணை இன்னொரு முறை பார்த்தான். நாலாம் மாடி தவ்லத் ஹானிம், அதாவது தவ்லத் சீமாட்டி! தன் பள்ளியிறுதிச் சான்றிதழை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக வெகுகாலமாகச் சொல்லி வருபவள். அந்த அறைக்குள் இதுவரை யாரையும் விட்டதில்லை.

ஒன்றை மட்டும் ஷவ்கி மறந்துவிட்டான். அவன் குடியிருப்பது மொட்டைமாடி அறையில். அங்கே சிக்னல் கொட்டும். எங்களுக்கோ பால்கனிக்கு வந்து கையை நீட்டினால்தான் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து முதல் வகுப்பு. ஷவ்கி கீழே கீரை கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பால்கனிக் கதவு திறந்தது. எதிரே இன்னொன்று. நெர்மீன் சொன்ன ஒரே ஸலாம், ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பால்கனிகளிலிருந்து சந்துக்குள் விழுந்தது.

ஒன்பது பேரும் கைபேசியும் கையுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் குனிந்து ஷவ்கியைப் பார்த்தார்கள். அவன் காலித் தக்காளிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செருப்புக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, போச்சு," என்று குரல் செய்தி அனுப்பினான். "கோழிப்பண்ணைக்குப் பெட்டியக் கட்டு."

முதல் செருப்புக்கு முன் எதிர்வீட்டு 'உம் கரீம்', அதாவது கரீமின் அம்மா, குரல் கொடுத்தாள்: "என்ன ஹானிம், சர்ட்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்னீங்களே?"

தவ்லத் ஹானிம் முக்காட்டைச் சரிசெய்தாள். உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம்.

"ஃபிரேம் மாட்டியாச்சு," என்றாள். "உள்ள போட ஒண்ணு வேணாமா? வாய மூடிட்டுப் பாடத்தக் கேளுடி."

உம் கரீம்தான் முதலில் சிரித்தாள். பிறகு சந்தே சிரித்தது. கைபேசியில் நெர்மீன், "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று ஒன்பது முறை கேட்டாள்.

அந்தச் சிரிப்பின் நடுவே மூலை வீட்டிலிருந்து ஒரு கூடை தடதடவென்று இறங்கியது. "அடேய் ஷவ்கி!" என்று கத்தினாள் இன்ஷிராஹ். "இத்தன நாளும் எனக்கு மட்டும் வெறுங்கீரையாடா போட்ட?"

தலையில் பெட்டியோடே ஷவ்கி ஓடினான். கூடையில் முதலில் கீரையை வைத்தான். அதன்மேல் மஞ்சள் தாளை எழுத்து தெரிய விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். பிறகு கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.