சுமார் என்று எழுதிய வீடு

புது மதிப்பீட்டுக் கடிதம் வந்த வாரம் எங்கள் ஊரில் சிரித்த முகத்தையே பார்க்க முடியவில்லை. பதினைந்து வருடம் கழித்து ஊரிலுள்ள அத்தனை வீடுகளையும் மறுபடி மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பு ஏறினால் சொத்துவரியும் ஏறும். தபால் நிலையத்தில் ஆளாளுக்கு உறையைப் பிரித்து, அங்கேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வெர்னா லப்பாயின்டுக்கு வந்த கடிதத்தில் மட்டும் ஏற்றம் சொற்பம். அந்தச் சந்தோஷத்தில் அவள் கொல்லையிலிருந்து ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டை நறுக்கி வந்து, சர்க்கரை போட்டு மாவுக்குள் மூடி ஒரு 'பை' சுட்டாள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட கை. பை நன்றாகவே வந்தது.

சந்தோஷம் சனிக்கிழமை காலை வரைதான் தாங்கியது. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் சனிக்கிழமை என்றால் ஊரே குப்பைக் கிடங்கில்தான் சந்தித்துக்கொள்ளும். வெர்னா காலி புட்டிகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது லூசில் பிராட்டின் கார் பக்கத்தில் வந்து நின்றது. லூசில் எதிர்வீட்டுக்காரி. அறுபத்தொன்பது வயதிலும் குப்பை கொட்ட வரும்போது உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வருகிறவள்.

"எம்பத்தஞ்சாயிரம் டாலர் ஏத்திட்டாங்க வெர்னா. கேட்டா, வேலைப்பாடு 'நன்று'ன்னு போட்டிருக்காங்களாம். நான் என்ன பண்றது சொல்லு, வெண்டலோட கை அப்படி" என்றாள் லூசில். பிறகு காரில் ஏறப் போனவள் திரும்பிக் கேட்டாள்: "ஆமா, உங்க வீட்டுக்கு என்ன போட்டிருக்காங்க?"

புலம்புகிற மாதிரி பெருமை அடித்துக்கொள்வதில் லூசிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெர்னாவுக்குத் தன் வீட்டுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பதே தெரியாது. அதுவரை அவள் கடிதத்தின் கடைசி வரியைத் தவிர வேறு எதையும் படித்திருக்கவில்லை. அவள் மனதில் தைத்தது அந்தக் கேள்வி அல்ல. வெர்னாவின் புருஷன் வெண்டலின் கையைப் பற்றி லூசில் பேசியதுதான்.

வெண்டல் லப்பாயின்ட் தச்சன். செத்து நான்கு குளிர்காலம் ஆகிறது. வேலையில் அவனைப் போல ரோஷக்காரனை நாங்கள் கண்டதில்லை. ஒருமுறை டாக்டர் வீட்டு வாசல்படியில் நகக்கண் அளவுக்கு இடைவெளி இருக்கிறது என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போக, அன்று மாலையே அத்தனை படியையும் பெயர்த்துவிட்டுக் கூலி வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுத்தான். அந்தக் கை இரண்டு வீடுகளை எதிரெதிரே கட்டியது. முதலில் வெர்னாவுக்காகத் தன் சொந்த வீடு. இரண்டு வருடம் கழித்து லூசிலுக்கும் அவள் கணவன், வங்கி மேலாளர் கிளிஃபர்டுக்கும் ஒரு வீடு.

வெர்னாவைப் பார்ப்பதற்கு முன் இரண்டு குளிர்காலம் வெண்டல் லூசிலைத்தான் சனிக்கிழமை நடனத்துக்குக் கூட்டிப் போனான். ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டது. லூசிலே கூட மறந்திருப்பாள். வெர்னா மறக்கவில்லை. லூசில் வீட்டு ஜன்னல்கள் பதினான்கு, தன் வீட்டில் ஒன்பது என்பது அவளுக்கு மனப்பாடம். ஏப்ரலில் பனி உருகி மண் இளகும்போது லூசிலின் வாசல் கதவு இறுகிக்கொள்ளும். லூசில் தொலைபேசியை எடுப்பாள், வெண்டல் இழைப்புளியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பான். வெர்னாவின் சமையலறைச் சாமான் அறைக் கதவு முப்பத்தொன்பது வருடமாக இறுகித்தான் கிடக்கிறது. அதை இடுப்பால் இடித்துத்தான் திறக்க வேண்டும். வெர்னா கேட்டபோதெல்லாம் வெண்டல் அடுத்த வாரம் பார்ப்பதாகச் சொல்வான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வெர்னா ஊர் அலுவலகத்தில் நின்றாள். எந்த வீட்டின் வரிப் பதிவு அட்டையையும் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது இங்கே சட்டம். ஆனால் அதற்கொரு மரியாதை உண்டு. முதலில் தன் வீட்டு அட்டையைக் கேட்டு, கொஞ்ச நேரம் அதைப் படிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, பிறகு போகிற போக்கில் பக்கத்து வீட்டு அட்டையைக் கேட்க வேண்டும். வெர்னா அந்த மரியாதையைக் காற்றில் விட்டாள். எடுத்த எடுப்பிலேயே லூசில் பிராட்டின் அட்டையைக் கேட்டாள். எழுத்தர் பெண் தலை நிமிராமல் இரண்டு வீட்டு அட்டையையும் சேர்த்தே எடுத்து வைத்தாள்.

மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெர்னா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தாள். வீட்டின் வரைபடம், நீள அகலம், குளியலறை எத்தனை, நிலவறை உண்டா, கட்டி எத்தனை வருடம், அதற்காக எவ்வளவு கழிவு. மதிப்பு எப்படிக் கட்டம் கட்டமாக ஏறி இறங்கிக் கடைசி வரிக்கு வந்து சேர்கிறது என்பது அரைமணியில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அளவும் வயதும் அவளை ஒன்றும் செய்யவில்லை. நடுவில் 'வேலைப்பாடு' என்று ஒரு கட்டம். மட்டம், சுமார், சராசரி, நன்று, மிக நன்று என்று ஐந்து படி. லூசிலின் அட்டையில் 'நன்று'. வெர்னாவின் அட்டையில் 'சுமார்'.

சராசரி கூட இல்லை. அதற்கும் ஒரு படி கீழே. இரண்டும் ஒரே ஆள் கட்டியது.

வெர்னாவுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் அவள் சந்தேகப்பட்டதை அரசாங்கமே கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டது. நல்ல வேலையெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. மிச்சம் மீதிதான் தனக்கு. செத்தவனோடு சண்டை போட முடியாது. ஆகவே அவள் அந்த அட்டையோடு சண்டை போடத் தீர்மானித்தாள்.

மதிப்பீட்டில் குறை உள்ளவர்கள் ஜூனில் குறிப்பிட்ட நாளில் வந்து முறையிடலாம். முறையிடுவதற்கு எங்கள் ஊரில் வழங்கும் சொல்லும் செத்தவருக்காகத் துக்கப்படுவதைச் சொல்லும் சொல்லும் ஒன்றேதான். வருடா வருடம் அதை வைத்து யாராவது ஒருவர் பழைய நகைச்சுவையை எடுத்துவிடுவார். "நான் துக்கப்படணும், அதுக்கு ஒரு படிவம் கொடு" என்று வெர்னா கேட்டபோது வேலைக்கு வந்து இன்னும் ஒரு ஜூனையும் பார்த்திராத அந்த எழுத்தர் பெண், பாவம், மூக்குத் துடைக்கும் காகிதப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

மூன்று மதிப்பீட்டாளர்களில் மூத்தவன் மெர்ல் ஸ்டாடர்ட். மார்ச் மாதத்தில் மேப்பிள் பாகு காய்ச்சுவான், மற்ற மாதங்களில் ஊரிடம் வசவு வாங்குவான். அன்று காலை பதினோரு பேர் வந்து, தங்கள் வீடு ஒழுகுகிறது, சாய்கிறது, நிலவறையில் தண்ணீர் நிற்கிறது என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டாவதாக வெர்னா உட்கார்ந்தாள். மெர்ல் அவள் மனுவைப் படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

"வெர்னா, நீங்க ஏத்தச் சொல்லி எழுதியிருக்கீங்க."

"எழுதினது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

"ஏத்தினா வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடக் கட்டணும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"உனக்கு ஆறு வருஷம் உருளைக்கிழங்கு மசிச்சுப் போட்டவடா நான். எனக்கா கணக்குச் சொல்லித் தர்றே? வந்து வீட்டப் பாரு. பாத்துட்டு அந்தச் 'சுமார'த் தூக்கு."

மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் மதிப்பை ஏற்றச் சொல்லி முறையிட்ட முதல் ஆள் அவள்தான்.

புதன்கிழமை மெர்ல் டார்ச்சும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்றரை மணி நேரம் பார்த்தான். தரையில் மட்டத்தை வைத்தால் குமிழி நடுவிலேயே நின்றது. மாடிப்படியில் ஒரு ஆணித்தலை தெரியவில்லை. படிக்குப் படி மரம் மரத்துக்குள் போய்ப் பூட்டியிருந்தது. சாமான் அறைக் கதவை மட்டும் அவனும் இடுப்பால் இடித்துத்தான் திறந்தான். வெர்னா அவனுக்கு ஒரு துண்டு பை வெட்டி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி படி லூசில் வீட்டில் கூட இல்லை என்று மெர்ல் சொன்னான். பிறகு 'சுமார்' எப்படி வந்தது என்று வெர்னா விடாமல் கேட்டாள். இந்தத் தடவை மதிப்பிட வந்த கம்பெனி ஆள், வீட்டில் யாரும் இல்லாததால் வெளியே நின்று பார்த்துவிட்டுப் பழைய அட்டையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறான். பழைய அட்டையும் அதற்கு முந்தியதிலிருந்து எழுதப்பட்டது. முதல் அட்டையில் யார் எழுதினார்கள் என்பது மெர்லுக்கே தெரியாது. பழைய பதிவுகளைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டக அறையில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். மேசையில் ஓரம் மஞ்சளாகிப்போன இரண்டு அட்டைகள். உட்காரச் சொன்னான், அவள் உட்காரவில்லை.

"முதல்ல உங்களுதப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தான். "வேலைப்பாடு நன்றுன்னு எழுதி, அடிச்சிருக்கு. பக்கத்துல இப்படி இருக்கு: 'எண்பத்தாறு ஜூன். உரிமையாளர் வெண்டல் லப்பாயின்ட் நேரில் வந்து முறையிட்டார். தானே கட்டியதாகவும், அவசரத்தில் செய்த வேலை, சுமாருக்கு மேல் போகாது என்றும் சொல்கிறார். ஏற்கப்பட்டது.' கீழே கையெழுத்து."

அந்தக் கையெழுத்து வெர்னாவுக்குத் தெரியும். எண்பத்தாறும் தெரியும். அந்த வசந்தத்தில்தான் பள்ளிச் சமையலறையில் ஆள் குறைத்தபோது முதலில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒன்றரை வருடம் வேலை இல்லை. ஜூனில் ஒரு நாள் வெண்டல் வந்து, வீட்டை அளந்ததில் ஏதோ தப்பாம், திருத்திவிட்டார்களாம், வரி குறைந்துவிட்டது என்று சொன்னான். நகக்கண் அளவு இடைவெளிக்காக டாக்டர் வீட்டுப் படியைப் பெயர்த்தவன், ஊரார் மூன்று பேர் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, தன் வேலை சுமார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவளோடத படி" என்றாள். அப்போதும் அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மெர்ல் இரண்டாவது அட்டையைத் திருப்பினான். "'எண்பத்தெட்டு ஜூன். உரிமையாளர் கிளிஃபர்ட் பிராட் முறையிட்டார், வேலைப்பாடு நன்று அல்ல என்கிறார். கட்டியவர் வெண்டல் லப்பாயின்ட் சாட்சியாக அழைக்கப்பட்டார். வேலை நன்று, குறைத்துச் சொல்ல முடியாது என்கிறார். மாற்றமில்லை.'"

"லூசில் கேட்டும் சொல்லலியா?"

"அவங்க கேட்டாங்களான்னு இதுல இல்ல வெர்னா. அவரு சொல்லல, அதுதான் இருக்கு."

லூசில் கேட்காமல் இருந்திருக்க மாட்டாள். உதட்டுச்சாயத்தோடு வந்து கேட்டிருப்பாள். அது வெர்னாவுக்குச் சத்தியம் செய்து சொல்லும் அளவுக்குத் தெரியும். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எழுத்தர் பெண் அந்தக் காகிதப் பெட்டியை இந்தத் தடவை சரியாகவே நீட்டினாள். வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு, லூசிலின் பழைய அட்டைக்கு ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னாள். எதற்கு என்று மெர்ல் கேட்கவில்லை.

மாற்றுவதா, அப்படியே விடுவதா என்றுதான் கேட்டான். மாற்றச் சொன்னாள் வெர்னா. 'நன்று'க்கும் 'மிக நன்று'க்கும் நடுவில் ஏதாவது உண்டா என்றும் விசாரித்தாள். 'நன்று' எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடலாம், அந்த மாடிப்படிக்கு அது தகும் என்றான் மெர்ல். லூசிலின் அட்டையில் கூட்டல் குறி இல்லை என்பதை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள்.

மெர்ல் எழுதினான். அடுத்த கட்டத்தில் வந்து பேனா நின்றது. மாற்றினால் காரணம் எழுத வேண்டும். பழைய பதிவில் உரிமையாளரே கையெழுத்துப் போட்டுச் சொன்னது இருக்கிறது, அதை எந்த ஆதாரத்தில் தள்ளினோம் என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்றான்.

"நான் சொல்றத அப்படியே எழுது" என்றாள் வெர்னா. மெர்ல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எண்பத்தாறுல வெண்டல் லப்பாயின்ட் சொன்னது பொய். சாட்சி, பொண்டாட்டி."