மைக்கில் சொன்ன ஒரு சொல்

முப்பது வருடம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கெட்ட வார்த்தை பேசியதாக என்மேல் போலீசில் புகார் வந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். வார்டு உறுப்பினர் ஓடைப் புறம்போக்கை மறித்துக் கார் கொட்டகை போட்டிருந்தார். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் நேராக என் சமையலறைக்கு வந்தது. கிராம சபையில் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னேன். புறம்போக்கு என்றால் எல்லாருக்கும் பொதுதானே என்று உறுப்பினர் சிரித்தார்.

"அப்ப நீங்களும் பொறம்போக்குத்தானுங்க" என்றேன். மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொன்னேன். கூட்டம் விசிலடித்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறதாம். ஆனால் சொன்ன சொல்லை அப்படியே புகாரில் எழுத வேண்டும் என்றார் பெண் ஏட்டு. மனைவி பக்கத்தில் இருந்ததால் உறுப்பினருக்கு வாய் வரவில்லை. காகிதத்தை வாங்கி 'பொரம்போக்கு' என்று எழுதினார். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வல்லின ற போடுங்க" என்றேன். திருத்தினார்.

ஏட்டு அதைப் படித்துவிட்டு, "இது நில ரெக்கார்டுல இருக்கற வார்த்தைங்க. ஆபாசம்னு எப்படிங்க எழுதறது?" என்று கேட்டார்.

"புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறோமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களும் அன்னிக்குக் கூட்டத்துல இதைக் கேட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் உறுப்பினர். அதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த சபையில் மைக்கிலேயே வருத்தம் தெரிவிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் ஆறுதல் தேடிப் போன் செய்தேன். அங்கே கார் ஓட்டுகிறவனைப் பார்த்து நடுவிரலைக் காட்டினாலே அபராதம் போடுவார்களாம். கூட வேலை செய்யும் அமெரிக்காக்காரன் மட்டும், தன் நாட்டில் ஆட்சியில் இருப்பவரையே கெட்ட வார்த்தையில் திட்டலாம் என்றானாம். நான் தப்பான தேசத்தில் பிறந்துவிட்டேன் என்றேன். அந்தப் பெண்ணின் கல்யாணம் கெட்டால் எந்தத் தேசத்துச் சட்டமும் சரிசெய்யாது என்று மகள் சொன்னாள். போனை வைத்துவிட்டு, சபையில் படிக்க வேண்டியதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த கிராம சபையில் எழுந்து நின்றேன். எதற்கு வருத்தம் என்று சொல்லாமல் எப்படி வருத்தம் தெரிவிப்பது? "போன கூட்டத்தில் நம் உறுப்பினரைப் புறம்போக்கு என்று சொன்னதற்கு மனதார வருந்துகிறேன்" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முதலில் சிரித்தது அவர் மனைவி. அப்புறம் அவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.